எவடம் என்று கேட்காத கந்தோர்

“இங்கை ஒருத்தரும் என்னை எவடம் எண்டு கூடக் கேக்கேல்லை அக்கா.”

என் டீமில் இருந்த தம்பி ஒருவன் வேலையை விட்டுப் போகிற நாளில் சொன்னது. கோபமாகச் சொல்லவில்லை. குறையாகச் சொன்னான் என்றுகூட என்னால் அடித்துச் சொல்ல முடியாது. லப்டொப்பையும் சார்ஜரையும் என் மேசையில் வைத்து, ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு, பேனையை மூடிக்கொண்டே சொன்னான். நான், “நாங்கள் ஒருத்தரிட்டையும் அப்பிடிக் கேக்கிறதில்லை தம்பி” என்றேன். “ஓம் அக்கா, தெரியும்” என்றான். அவ்வளவுதான் நடந்தது. பிறகு எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள், எனக்கு அந்த இரண்டு மூன்று வசனம் இன்னும் காதுக்குள்ளேயே நிற்கிறது.

நான் சொன்னது உண்மை. எங்கள் கந்தோரில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கதைக்கக் கூடாது என்று சட்டம் இல்லை, சுவரில் அறிவித்தலும் இல்லை. இங்கிலாந்துக் கம்பனிகளின் கணக்கைப் பார்க்கிற வேலை என்பதால் காலையில் வெளியில் இருந்தும் அழைப்பு வராது. அங்கே காலை 9 மணி ஆகும்போது கோடையில் எங்களுக்கு மத்தியானம் 1.30, குளிர் காலத்தில் 2.30. அதுவரைக்கும் கீபோர்ட் சத்தமும் ஏசிச் சத்தமும்தான். பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்கும் மெசேஜ்தான் போடுவோம். வங்கிக் கணக்கு ஒத்துப் பார்த்து முடிந்ததா என்று ஒரு வரி போகும், திரும்பி ஒரு பெருவிரல் வரும். ஜனவரி என்றால் அதுவும் குறைந்துவிடும். 31ஆம் திகதி அங்கே தனியாள் வருமான வரிக் கணக்குக் கொடுக்கக் கடைசி நாள், பொங்கலுக்கு அடுத்த நாளே எல்லோரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்துவிடுவோம்.

எனக்கு இது பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும், அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

இதற்கு முதல் நான் ஒரு நிதி நிறுவனத்தில் கவுண்டரில் இருந்தேன். அடகு வைக்க வருகிற அம்மா நகையை வெளியில் எடுக்க முதலே, “பிள்ளை எவடம்?” என்று கேட்பா. யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி தனியாக வருவதில்லை என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கோண்டாவில் என்றால், “கோண்டாவில் எந்தப் பக்கம்?” என்று வரும். அதற்குப் பிறகு எந்தக் கோயிலடி, ஆருடைய மகள், அப்பா என்ன வேலை. ஊரும் கோயிலும் அப்பாவின் வேலையும் சேர்ந்தால் கேட்டவருக்குத் தேவையான விடை கிடைத்துவிடும், முகத்தில் அது தெரியும். அது முடிந்தால் கலியாணம். கலியாணம் முடிந்துவிட்டது என்றால், “விசேஷம் ஒண்டும் இல்லையோ?”

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் நான் கோயிலுக்குப் போன காலம் இருந்தது, பிறகு தேர், தீர்த்தத்துக்குக்கூடப் போகாமல் விட்டேன், காரணம் இந்தக் கேள்விதான். இப்படியான ஒருத்தி, தன்னை யாரும் எதுவும் கேட்காத ஒரு இடத்துக்கு வேலைக்கு வந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் மாதம் முடிந்து வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னேன், “அங்கை எனக்குப் பேர் மட்டும்தான் இருக்கு, நல்லா இருக்கு” என்று.

கந்தோர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வீட்டில் இருந்து வேலை செய்யத் தொடங்கியபோதுதான் எல்லாம் மெசேஜுக்கு மாறியது, திரும்பி வந்த பிறகும் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒருமுறை மட்டும் அது உடைந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்ததே, ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்காமல், அப்போது எல்லோரும் கீழே இறங்கி வந்து மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தோம். என்ன கதை, என்ன சிரிப்பு. பெட்ரோல் லைனில் இரவு முழுக்க நின்ற கதை, காஸ் சிலிண்டர் கதை, விறகு வெட்டின கதை. ஒரு கிழமைக்குள் எனக்கே ஆட்களின் குரல் பழகிவிட்டது. இப்போதும் பழைய ஆட்கள் யாராவது “அப்ப நல்லா இருந்தது என்ன?” என்று சொல்வார்கள்.

நல்லாகத்தான் இருந்தது. ஆனால் அதே மாமரத்துக்குக் கீழேதான் ஒரு பிள்ளையிடம் ஊரைக் கேட்டார்கள், பிறகு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், பிறகு அப்பாவைக் கேட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். அடுத்த கிழமையில் இருந்து அந்தப் பிள்ளை கொண்டுவந்த சம்பலுக்கு ஒருத்தர் கை நீட்டவில்லை. ஒரு சண்டையும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவள் சாப்பாட்டு மேசைக்கு வருவதை விட்டுவிட்டாள், கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கின பிறகு வேலையையும் விட்டுவிட்டாள். நான் அவளோடு இருந்து சாப்பிட்டேன், அது எந்த மூலைக்குப் போதும்? அதற்குப் பிறகு எனக்கு ஒரு முடிவு வந்தது. இந்த ஊரில் கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பது மரியாதை. என் டீமுக்கு யார் வந்தாலும் வேலையைப் பற்றித்தான் கேட்பேன், மிச்சத்தை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

அந்த முடிவோடுதான் இந்தத் தம்பி வந்தபோதும் இருந்தேன். நல்ல வேலைகாரன். வாட் கணக்கு காலாண்டு முடிந்து ஒரு மாதமும் 7 நாளும் கடக்க முதல் போக வேண்டும், மற்றவர்கள் கடைசிக் கிழமையில் ஓடித்திரியும்போது இவனுடையது முதலே முடிந்திருக்கும். கொக்குவிலில் அறை எடுத்து இருந்தான். மத்தியானம் கடைச் சோற்றுப் பார்சலை மேசையிலேயே பிரித்துச் சாப்பிடுவான். எல்லோருமே அப்படித்தான் செய்கிறோம் என்பதால் அதை நான் வித்தியாசமாக எடுக்கவில்லை.

வந்த புதிதில் காலையில், “சாப்பிட்டீங்களா அக்கா?” என்று கேட்பான். நான் “ஓம்” என்பேன், சிரிப்பேன். “நீர் சாப்பிட்டீரோ?” என்று திருப்பிக் கேட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கேட்டிருப்பேன். கேட்காமல் எப்படி இருப்பேன்? ஆனால் சில மாதத்தில் அவன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டான், நான் அதை, கந்தோருக்குப் பழகிவிட்டான் என்று நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதினதெல்லாம் அரைவாசிதான். அவன் எவடம் என்று எனக்குத் தெரியும். அவனுடைய விண்ணப்பத்தைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. நிரந்தர முகவரி வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கிராமம். பிறந்த திகதியைப் பார்த்தவுடன், 2009 இல் ஏழெட்டு வயது என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டுவிட்டது. அந்த வயதுப் பிள்ளை போர் முடிந்த அந்த வருசத்தின் முதல் ஐந்து மாதமும் எந்த வழியால் நடந்திருக்கும், பிறகு செட்டிகுளம் முகாமில் எந்தக் கூடாரத்தில் இருந்திருக்கும் என்று எங்களுக்கு யாரும் வந்து விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் டீமில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த ஊரில் அது எப்படி என்று கேட்கக் கூடாது.

மே மாதம் 18ஆம் திகதிக்கு, முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு, லீவு போட்டிருந்தான். காரணம் என்ற பெட்டிக்குள், ‘சொந்த அலுவல்’. திரையில் வந்தது, அங்கீகரித்தேன். அதற்கு முதல் நாட்களில் கம்பஸ் பக்கம் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மத்தியானம் அவன் வெளியில் போய் வந்ததை ஜன்னலால் கண்டேன். திரும்பி வந்து கதிரையில் இருந்து ஹெட்போனை மாட்டினான். எனக்கு அவன் பக்கத்தில் போய் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என்ன சொல்வது? வீட்டில் யாராவது இல்லாமல் போனார்களா என்று கேட்பதா? கேட்டு, அவன் ஓம் என்று சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்வேன், பிறகு அன்றைய சம்பளப் பட்டியலை முடித்தாயா என்று எந்த வாயால் கேட்பேன்? எல்லாத்தையும்விட, தன் வேலையைச் செய்து சம்பளம் வாங்க வந்த பிள்ளை, எனக்கு அழுதுகாட்ட வரவில்லை. நான் கேட்காமல் இருந்தது அவனுக்கு நான் கொடுத்த இடம் என்று அன்றைக்கு முழுமையாக நம்பினேன்.

இப்போது அந்த நம்பிக்கை ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை.

இல்லாத நாட்களில் நான் யோசிப்பது இதுதான். தெரியாமல் கேட்காமல் இருப்பது ஒன்று. தெரிந்துகொண்டு கேட்காமல் இருப்பது வேறு. அவனைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் அவனைத் தெரிந்திருக்கிறது, ஒருத்தரும் அதை அவனுக்குத் தெரியப்படுத்தவில்லை. அவனுக்கு இது விளங்கியிருக்குமா? விளங்கியிருந்தால் எங்கள் மௌனம் அவனுக்கு என்னவாகக் கேட்டிருக்கும்? யாழ்ப்பாணத்து ஆட்கள் வன்னிப் பிள்ளையை ஒதுக்குகிறார்கள் என்று கேட்டிருக்குமோ? நான் சாதியையும் பிள்ளை இல்லாத கதையையும் மனதில் வைத்துக்கொண்டு கட்டின வேலி அது. அவனுக்கு அந்தப் பயமே இருந்திருக்காது. எவடம் என்று யாராவது கேட்டால் ஊரைச் சொல்லியிருப்பான், குளத்தைச் சொல்லியிருப்பான், மாமா நெல்லு விதைக்கிறதைச் சொல்லியிருப்பான். நான் யோசித்ததெல்லாம் 2009ஐ மட்டும்தான், அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பிறகும் ஒரு ஊர் இருந்திருக்கிறதே.

நம்பிக்கை இருக்கிற நாட்களில் அந்தப் பழைய பிள்ளையின் சம்பல் டப்பா ஞாபகம் வரும். கேள்வி என்று ஒன்று தொடங்கினால் அது நல்ல மனசோடு கேட்கிறவரோடு மட்டும் நிற்காது. நான் அவனிடம் ஊரைக் கேட்டால் அடுத்த மேசைக்காரருக்கும் கேட்க உரிமை வந்துவிடும்.

இவரிடம் சொன்னேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவன் சம்பளம் காணாமல் போயிருப்பான், நீர் ஏன் போட்டுக் குழப்புறீர்” என்றார். அதுவும் இருக்கலாம். விலகல் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ‘வீட்டுக்கு அருகில் வேலை’ என்றுதான் எழுதியிருந்தான், கிளிநொச்சியில் கிடைத்திருக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். பரந்தனால் திரும்பினால் வீட்டுக்குப் போய்விடலாம், யார்தான் போகமாட்டார்கள். ஆனால் அப்படியென்றால் அந்த வசனத்தை ஏன் சொன்னான்? போகிற நேரம் சும்மா வாயில் வந்ததா, இவ்வளவு காலமும் வைத்திருந்து சொன்னதா? “ஓம் அக்கா, தெரியும்” என்றபோது அவனுக்குத் தெரிந்தது என்ன, எங்கள் பழக்கமா, எங்களுக்குத் தெரியும் என்பதா? அந்த இடத்தில் நான், “தம்பி, உம்மடை ஊர் எனக்குத் தெரியும், கேக்கப் பயமா இருந்தது” என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் நின்று இரண்டு வார்த்தை கதைத்திருப்பான், அல்லது, தெரிந்துமா இவ்வளவு நாளும், என்று இன்னும் நொந்து போயிருப்பான். எது என்று எனக்கு முடிவெடுக்க முடியவில்லை.

அவனுடைய இடத்துக்கு இப்போது ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். அவளுடைய விண்ணப்பம் என்னிடம் வந்தபோது முகவரி இருந்த பக்கத்தைப் பார்க்காமல் பரீட்சைப் பெறுபேறுகளை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். கேட்பதென்றால் தெரியாமல்தான் கேட்க வேண்டும் என்று ஒரு எண்ணம். ஆனால் அவள் முந்திவிட்டாள். தேத்தண்ணி போடுகிற இடத்தில், “அக்கா நீங்கள் எவடம்?” என்று கேட்டாள். கோண்டாவில் என்றேன். “எத்தினை பிள்ளையள் அக்கா?”

இல்லை என்றேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது, சின்னப் பிள்ளை என்று தெரிந்தும். அன்று முழுக்க அவளுக்கு மெசேஜில் மட்டும்தான் கதைத்தேன். இதற்காகத்தானே நான் இந்தக் கந்தோரை விரும்பினேன் என்று இரவு இவரிடமும் எரிந்து விழுந்தேன்.

இரண்டு நாள் கழித்து நானே அவளுடைய மேசைக்குப் போய், “நீர் எவடம் பிள்ளை?” என்று கேட்டேன். சண்டிலிப்பாய் என்றாள். அடுத்ததாக வழமையாக வரும் கேள்வியை நான் கேட்கவில்லை, வேறு என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. அவளே தொடங்கினாள். பின்னேர பஸ் நிற்பாட்டாமல் போகிற கதை, அம்மம்மாவுக்கு முழங்கால் ஏலாமல் இருக்கிற கதை, தோட்டத்தில் வெங்காயம் அழுகிப்போன கதை. மற்றவர்கள் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தில் எரிச்சல் தெரிந்தது, அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அவருக்கும் இந்த அமைதி ஏதோ ஒன்றுக்காகத் தேவைப்பட்டிருக்கும். நான் குரலைக் குறைக்கச் சொல்லவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் என் இடத்துக்குப் போனேன்.