போத்தலில் திராட்சையின் பெயர் இருக்காது

பிரான்சுக்கு வந்து ஓரிரு வருடத்தில் வேலையிடத்தில் யாராவது ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். வெறுங்கையோடு போக முடியாது. பூவோ இனிப்போ போதும் என்றாலும் வைன் போத்தலோடு வருபவர்கள்தான் அதிகம். அதை வாங்கப் போய் சூப்பர் மார்க்கெட் தட்டுகளுக்கு முன்னால் நின்றால் தலை சுற்றும். அவுஸ்திரேலியாப் போத்தலில் 'ஷிராஸ்' என்று திராட்சையின் பெயர் பெரிதாக இருக்கும். இங்கே சான்செர், ஷினோன், பொமெரோல் என்று ஊர்ப்பெயர்தான் இருக்கும். எந்த ஊரில் எந்தத் திராட்சை என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பிலேயே லேபிளை அடிக்கிறார்கள்.

இதற்குப் பின்னால் 1935இல் வந்த அப்பெலாசியோன் சட்டம், அதாவது ஊர்ப்பெயரைக் காக்கும் சட்டம், இருக்கிறது. ஊர்ப்பெயரை லேபிளில் போட வேண்டுமென்றால் காணியின் எல்லை, நடக்கூடிய திராட்சை இனம், ஒரு ஹெக்டேரில் எடுக்கக்கூடிய உச்ச விளைச்சல், பழத்தில் இருக்க வேண்டிய சர்க்கரை என எல்லாமே விதிப்படி இருக்க வேண்டும். வெள்ளைச் சான்செருக்கு சொவினியோன் பிளான் தவிர வேறெந்தத் திராட்சையும் ஆகாது. ஆகவே ஊரைப் பாடமாக்கினால் திராட்சையும் கூடவே வந்துவிடும்.

பூர்கோன் பகுதிச் சிவப்பு என்றால் அநேகமாகப் பினோ நுவார் திராட்சை, வெள்ளை என்றால் ஷார்தொனே. ஷப்லியும் ஷார்தொனேதான். அதற்குக் கீழே போஜொலேயில் கமே. அது துவர்ப்புக் குறைந்த, பழவாசம் கூடிய சிவப்பு. ரோன் ஆற்றின் வடபகுதியில் சிரா, தெற்கே கிரெனாஷ் முதன்மையான கலவை. லுவார் ஆற்றோரம் வூவ்ரேயில் ஷெனான், ஷினோன் சிவப்பில் கபர்னே பிரான். போர்தோவை ஆற்றின் இரண்டு கரையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடதுகரை மெதோக்கில் கூழாங்கல் நிலம். தண்ணீர் தேங்காது, சீக்கிரம் சூடேறும், அதனால் தாமதமாகப் பழுக்கும் கபர்னே சொவினியோன் அங்கே ஒழுங்காகப் பழுக்கிறது. வலதுகரையில் சான்-எமிலியோன், பொமெரோல் பக்கம் களிமண் கூட. அங்கே மெர்லோவின் ஆட்சி. அல்சாஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஒல்லியான நெட்டைப் போத்தலில் ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர் என்று திராட்சையின் பெயரையே போடுகிறார்கள்.

புதிதாகப் படிப்பவருக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. அப்பெலாசியோனுக்கு ஒரு படி கீழே 'ஈ-ஜே-பே' (லேபிளில் IGP) என்ற வகை. விதிகள் கொஞ்சம் தளர்வு, லேபிளில் திராட்சையின் பெயரும் அநேகமாக இருக்கும். தெற்கிலிருந்து வரும் 'பேயி தொக்' சிரா ஒன்றையும் ரோன் வடபகுதிச் சிரா ஒன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் குடித்துப் பார்த்தால், வெயிலும் மண்ணும் என்ன செய்யும் என்பது ஒரு மாலையில் பிடிபடும். பத்து வெவ்வேறு போத்தலைப் பத்து வாரத்தில் குடித்தாலும் அது பிடிபடாது.

லேபிளில் உள்ள எல்லாச் சொல்லுக்கும் எடை ஒன்றல்ல. 'மி ஆன் புத்தேய் ஓ ஷாத்தோ' என்றால் தோட்டத்திலேயே போத்தலில் அடைத்தது. இதற்குச் சட்டப் பொருள் உண்டு. 'வியேய் விஞ்', அதாவது கிழட்டுக் கொடி என்பதற்கு எத்தனை வயது என்று சட்டம் சொல்லவில்லை. 'கிரான் வான் து போர்தோ' என்பதும் தரவரிசை அல்ல. ஆட்கள் அதிகம் ஏமாறுவது ஷாம்பெயினில். சாதாரண வைனில் 'செக்' என்றால் இனிப்பில்லாதது. ஷாம்பெயினில் அதே 'செக்' லீட்டருக்கு 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை உள்ளது. இனிப்பில்லாதது வேண்டுமென்றால் 12 கிராமுக்குக் குறைந்த 'ப்ரூட்' எடுக்க வேண்டும். பிறந்தநாள் கேக்குக்கு ப்ரூட் ஊற்றினால் புளிக்கும். அதற்கென்றே இருக்கிறது 32 முதல் 50 கிராம் வரையான 'தெமி-செக்'.

வைன் செய்யும் முறை கொஞ்சம் தெரிந்தால் போத்தலில் உள்ள எண்கள் பேசும். சாற்றில் லீட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 பாகை (லேபிளில் 1%) அல்ககோல் வரும். 14 பாகை வைனுக்கு 240 கிராம் அளவில் வேண்டும், அதாவது நன்றாக வெயில் குடித்த பழம். சிவப்புக்குச் சாறு தோலோடும் விதையோடும் நொதிக்கிறது. நிறமும் துவர்ப்பும் அங்கிருந்துதான். வெள்ளைக்கு முதலிலேயே பிழிந்து தோலை எறிந்துவிடுவார்கள். தொட்டியின் சூடு 35 பாகையைத் தாண்டினால் ஈஸ்ட் செத்து நொதிப்பு பாதியில் நிற்கும். மிச்சச் சர்க்கரையில் பக்டீரியா புகுந்தால் வினாகிரி வாசம்தான் மிஞ்சும்.

இனி வீட்டுச் சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறிக்கு விலை கூடிய மெதோக் வாங்கி வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. மிளகாயின் உறைப்பும் அல்ககோலும் நாக்கில் சூட்டை உணரும் ஒரே நரம்பைத்தான் தட்டுகின்றன. அதோடு துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும், வைன் கசக்கும், காசும் போகும். உறைப்புக்கு வேண்டியது அல்ககோல் குறைந்து, துவர்ப்பில்லாமல், கொஞ்சம் இனிப்போடு, குளிராக இருப்பது: இலேசாக இனிக்கும் ரீஸ்லிங், வூவ்ரே தெமி-செக். இந்திய, தாய் சாப்பாடு என்றதும் கடைக்காரர் கெவுர்ஸ்ட்ராமினரைத்தான் நீட்டுவார். வாசம் பொருந்தும், ஆனால் 14 பாகை என்று போட்டிருந்தால் எரிவு கூடும். பின்பக்க லேபிளைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. சிவப்புத்தான் வேண்டுமென்றால் போஜொலேயை அரைமணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுக்கலாம்.

புளிக்கு வேறு கணக்கு. சாப்பாட்டைவிட வைனில் புளிப்புக் குறைந்தால் வைன் தண்ணீர்போலச் சப்பென்றிருக்கும். புளி விட்ட மீன் குழம்புக்கு முஸ்காதே, சான்செர் மாதிரிப் புளிப்புக் கூடிய வெள்ளை தாங்கும். சிவப்பு வேண்டாம். அதில் உள்ள இரும்பு மீனின் எண்ணெயோடு சேர்ந்து வெடுக்கைக் கிளப்பிவிடும். தேங்காய்ப்பால் கறிக்கு ஷார்தொனே. ரோல்ஸ், வடை போன்ற பொரியலுக்கு ப்ரூட் கிரெமான் எடுக்கலாம், அதாவது ஷாம்பெயின் முறையில் மற்றப் பகுதிகளில் செய்யும் நுரை வைன். அதன் புளிப்பும் நுரையும் எண்ணெயை வெட்டும், ஷாம்பெயின் விலையும் கொடுக்க வேண்டாம்.

நம்பாவிட்டால் மேசையிலேயே சோதிக்கலாம். துவர்ப்பான சிவப்பில் ஒரு மிடறு. பிறகு உப்பிட்ட எலுமிச்சைத் துண்டை நக்கிவிட்டு இன்னொரு மிடறு: அதே வைன் மெதுவாகி, பழச்சுவை மேலே வரும். அடுத்து வாயில் சீனி போட்டு ஒரு மிடறு: புளிப்பும் கசப்பும் முகத்தைச் சுளிக்க வைக்கும். இனிப்புப் பலகாரத்தோடு இனிப்பில்லாத வைன் ஏன் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

உணவகத்தில் பரிமாறுபவர் முதலில் கொஞ்சம் ஊற்றிவிட்டு நிற்பார். பிடித்திருக்கிறதா என்று கேட்பதல்ல அது, பழுதா என்று பார்க்கச் சொல்வது. நனைந்த அட்டைப்பெட்டி மணம் வந்தால் தக்கை கெட்டிருக்கிறது. 'பூஷோனே' என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேறு போத்தல் வரும். கூழ்முட்டை மணம் என்றால் உடனே திருப்ப வேண்டாம். கிளாசைச் சுழற்றிப் பத்து நிமிடம் விட்டால் அநேகமாகப் போய்விடும். அடியில் கண்ணாடித் தூள்போல் மின்னுவது கண்ணாடியல்ல, குளிரில் படிந்த திராட்சை அமில உப்பு.

குடித்துவிட்டுக் கார் ஓட்டும் எல்லை இரத்தத்தில் லீட்டருக்கு 0.5 கிராம். புதுச் சாரதிப்பத்திரக்காரருக்கு அது 0.2 மட்டுமே, அதாவது ஒரு கிளாசே தாண்ட வைத்துவிடும். மெத்ரோவில் போவது நல்லது. குடிக்காதவர் 'ஜு ந புவா பா தல்கோல்' (நான் மது குடிப்பதில்லை) என்று சொன்னால் யாரும் காரணம் துருவமாட்டார்கள்.

கொண்டுபோன போத்தலை வீட்டுக்காரர் நன்றி சொல்லி ஓரமாக வைத்துவிட்டால் மனவருத்தம் வேண்டாம். அன்றைய சமையலுக்கு ஏற்றதை அவர் ஏற்கனவே எடுத்து வைத்திருப்பார். அன்றே திறக்க வேண்டுமென்று ஆசையிருந்தால் ஷாம்பெயினோ கிரெமானோ நன்றாகக் குளிரவைத்துக் கொண்டுபோய், வாசலிலேயே 'அபேரோவுக்கு', அதாவது சாப்பாட்டுக்கு முன் குடிக்க, என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.