கூட்டல் சரிதான்

"சேர், கூட்டல் சரியா இருக்கா?"

மார்க் தாளைப் பார்த்துவிட்டு அந்தப் பையன் கேட்டது இவ்வளவுதான். நான் தாளைத் திரும்ப வாங்கி, அவன் முன்னாலேயே இன்னொரு தரம் கூட்டினேன். டிரில் 29, எழுத்துப் பரீட்சை 28, உடை நேர்த்தி 4, வருகை 6. மொத்தம் 67. "சரியா இருக்கு தம்பி" என்றேன். "அப்ப சரிங்க சேர்" என்று போய்விட்டான். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தின் மாணவர் படையணிக்கு, அதாவது கடெற்றுக்கு, பொறுப்பான ஆசிரியர் நான். ரன்டம்பே பயிற்சி முகாமுக்குப் போகும் பட்டியலில் கடைசியாக நின்றவனுக்கு 68.

நாலு வருஷம் ஆகிறது. அவன் சண்டை பிடித்திருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். கூட்டலைப் பற்றிக் கேட்டதற்குத்தான் இன்னும் என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்டது வெறும் கணக்கைத்தானா, வேறு எதையாவதா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கணக்கைத்தான் கேட்டிருப்பான். பதினைந்து வயதுப் பிள்ளை.

டிரிலுக்கு 40, எழுத்துக்கு 30, உடைக்கு 15, வருகைக்கு 15 என்ற பங்கீட்டைப் போட்டது நான்தான். மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை. அதற்கு முந்திய வருஷம் ஆளைப் பார்த்துத் தெரிவு செய்தேன். "சேருக்கு வேண்டிய பிள்ளைகள்தான் போகுதுகள்" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழும்பிச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி இருந்து கோடு போட்டு, கட்டம் போட்டு இந்தத் தாளைத் தயாரித்தேன். இனி என் கையில் ஒன்றும் இல்லை, தாள் சொல்வதுதான் முடிவு என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவனுடைய 28ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை மேசையில் விரித்து, சமவுயரக் கோட்டை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை எல்லாம் சேர்த்து இழுத்த கோடு, நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சாய்வு குறைவு. பாதிப் பிள்ளைகளின் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. அவன் எழும்பி, "சேர், இது நம்ம ஏழாம் நம்பர் மலையில கான் வெட்டியிருக்க மாதிரிதானே" என்றான். தேயிலை மலையில் மழைத் தண்ணி ஓடக் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால்தான் கான். எல்லாப் பிள்ளைகளும் கையைத் தலைக்கு மேல் வளைத்து வளைத்துக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். அவனே கொஞ்சம் பொறுத்து, "ஆனா அப்பிடியே இல்ல சேர். கானுக்குக் கொஞ்சம் வாட்டம் வைக்கணும், இல்லாட்டித் தண்ணி ஓடாது" என்றான். பதினொரு வருஷமாக அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன். ஒரு உவமை எங்கே பொருந்தும், எங்கே பிசகும் என்று ஒரே மூச்சில் சொன்ன பிள்ளை வேறு இல்லை. இன்றைக்கும் நான் கானைச் சொல்லித்தான் அந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

டிரிலில் 29 நியாயமான மார்க். கட்டளை எல்லாம் சிங்களத்தில். நடக்கும்போது "வம, தகுண" (இடது, வலது) காலோடு பழகிவிடும். தானே முன்னால் நின்று அணிக்குக் கட்டளை கொடுக்கும்போதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு நாக்குத் தடுமாறும். அவன் இரண்டு இடத்தில் தடுமாறினான், குறைத்தேன். அதில் எனக்கு உறுத்தல் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உறுத்துவது அந்த நாலும் ஆறும்தான்.

சப்பாத்து ஸ்டோரிலிருந்து நான் கொடுத்தது. அவன் காலுக்கு ஏழு, கொடுத்தது ஒன்பது. வேறு இருக்கவில்லை. பரீட்சை நாள் விடியற்காலையிலிருந்து மழை. தோட்டத்து லயன் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர அவனுக்கு முக்கால் மணித்தியாலம், எல்லாம் செம்மண் பாதை. வரிசையில் நின்றபோது சப்பாத்தின் தையல் வரைக்கும் மண் ஏறி இருந்தது. நான் குனிந்து பார்த்தேன், 4 போட்டேன். பரேட் முடிந்து அவன் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றியதையும் பார்த்தேன். நுனியில் அடைத்திருந்த பேப்பரை வெளியே எடுத்தான். ஊறிக் கூழாகிப்போய் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் மார்க் தாள் என் கையில்தான் இருந்தது. பேனாவும் இருந்தது.

வருகையும் அப்படித்தான். பயிற்சி பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்குத் தொடங்கும். அவனுடைய அம்மா வெளிநாட்டில். பாட்டி பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வர நேரமாகும், தங்கச்சியைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து, அதாவது தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலிருந்து, கூட்டிவர வேண்டியது இவன். தவணைத் தொடக்கத்திலேயே என்னிடம் சொன்னான். "முடிஞ்ச நாளைக்கு வா" என்று நானே அனுப்பினேன். பிறகு வராத நாளுக்கெல்லாம் மார்க்கைக் குறைத்தேன்.

என் பக்கமும் இருக்கிறது. கொழும்பு றோயல் கல்லூரியில் 1881இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் படையணியின் உயிரே ஒழுங்கும் நேரமும்தான். அதை நான் மனதார நம்புகிறேன். ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் மறுநாள் பத்துப் பிள்ளைகள் காரணத்தோடு வருவார்கள். பத்தும் உண்மையான காரணமாகவே இருக்கும், அதுதான் தோட்டப் பள்ளிக்கூடம். 68 எடுத்த பையனும் ஒரு நாள் தவறாமல் வந்தவன். அவனிடமிருந்து எதைப் பிடுங்கி இவனுக்குக் கொடுப்பது?

ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் 75 எடுத்தால் ஏ, ஒன்று குறைந்தாலும் இல்லை. விடைத்தாள் திருத்துகிறவருக்கு அந்தப் பிள்ளை எந்தப் பாதையில் நடந்து வந்தது என்று தெரியாது, அவர் மேல் குற்றமில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாதவர் மாதிரித் திருத்தினேன்.

முகாம் என்றால் இங்கேயுள்ள பிள்ளைகளுக்குச் சின்ன விஷயமில்லை. குளிரிலிருந்து இறங்கி மகாவலிப் பக்கத்து வெயிலுக்குப் போய், எங்கெங்கோ பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த பிள்ளைகளோடு ஒரே கூடாரத்தில் படுத்து எழும்புவார்கள். திரும்பி வரும்போது குரலே மாறியிருக்கும். அவன் போகவில்லை. பஸ் வெளிக்கிடும் முதல் நாள் சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தான். போகிற பையன் ஒருவனுக்கு ஒன்பது தேவைப்பட்டது. பொலிஷ் போட்டு, முகம் தெரிகிற மாதிரித் தேய்த்திருந்தான். பதிவேட்டில் கையெழுத்து வாங்கினேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் உடைக்கு 15ஐ 5 ஆக்கினேன். சப்பாத்தை ஒருவரும் துடைக்கவில்லை. பரிசோதனைக்கு வந்த அதிகாரி முகம் சுளித்தார். அதற்கடுத்த வருஷம் 10 ஆக்கினேன். வருகையை இன்னும் தொடவில்லை, எப்படித் தொடுவது என்று பிடிபடவில்லை.

இந்தத் தவணை ஒரு பிள்ளை. செவ்வாய், வியாழன் வருவதில்லை. நான் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்லும், சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை பட்டியல் அதிபரிடம் போக வேண்டும். நாளைக்குக் காலையில் கூப்பிட்டுக் கேட்கத்தான் போகிறேன்.