கொப்பரைக் களத்துக்குள் வந்து நின்ற வண்டி

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் செம்மறி பார்க்க ஏடிவி எதற்கு என்று மாமாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது. ஏதோ ஒரு ரிசார்ட்டில் விருந்தாளிகளைச் சுற்றிக்காட்டி ஓய்ந்துபோன நாலு சக்கர பைக்கை விலை பேசி, டிராக்டர் டிரெய்லரில் கட்டி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஏற்ற முடியாது. இட்டேரியிலும் கொழுக்கட்டைப் புல்லுக்குள்ளும் கிளுவை வேலி ஓரத்திலும் ஓட்டிக்கொண்டு திரிவார். ஆடுகள் பழகிவிட்டன. நாய்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

முன் பிரேக் சரியில்லை என்பது கொப்பரைக் களத்தில்தான் தெரிந்தது. தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்த களத்தை நோக்கி, லீவரை ஹேண்டில் பார் வரைக்கும் இழுத்துப் பிடித்தபடி, முகத்தில் துளியும் பதற்றம் காட்டாமல் வந்தவர் பருப்புக் குவியலுக்குள் நுழைந்து நின்றார். "காஞ்சிருக்குதான்னு பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. சக்கரத்துக்கு அடியில் சிக்கிய முறத்தை மட்டும் உருவிக்கொண்டு போனார்.

வேலை என் தலையில் விழுந்தது. என் பைக்குக்கு நானே பிரேக் ஆயில் மாற்றுவேன் என்பது ஒறம்பரை முழுக்கத் தெரிந்த விஷயம்.

லீவரைப் பிடித்துப் பார்த்தேன். பஞ்சாக உள்ளே போனது. விட்டு விட்டு வேகமாக அமுக்கினால் கொஞ்சம் இறுகியது. அப்படி இறுகினால் லைனில் காற்று இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடலாம். பிரேக் ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நாம் கொடுக்கிற அழுத்தத்தையெல்லாம் காற்றே தின்றுவிடும். இறுக்கிப் பிடித்த லீவர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கதை வேறு. எங்காவது ஒழுகும், இல்லாவிட்டால் லீவருக்குப் பக்கத்தில் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்திருக்கும். லீவர் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் சக்கரத்தில் உரசி நிறுத்துகிற பேடைப் பார்க்க வேண்டும். ஹோஸ், ஜாயின்ட் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஈரமே இல்லை. ஆக, காற்றுதான்.

அதற்குள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒரு கேனோடு வந்துவிட்டார். "ஏனுங் தம்பி, ஐட்ராலிக் பிரேக்குத்தானுங்? டிராக்டர் ஐட்ராலிக்குக்கு ஊத்துனது மிச்சம் கெடக்குது, ஊத்திப்போடலாமுங்."

பேர் ஒன்றுதான், சரக்கு வேறு. டிராக்டர் ஆயில் மினரல் ஆயில். அது பட்டால் பிரேக்கில் இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, சக்கரத்தில் பேடை அமுக்குகிற காலிப்பர் வரைக்கும் பிரித்து மேய வேண்டியதுதான். ஹேண்டில் பாரிலிருக்கிற ஆயில் டப்பா மூடியிலேயே டாட் 4 என்று பிரேக் ஆயில் ரகத்தைப் போட்டிருப்பதைக் காட்டினேன். "கம்பெனிக்காரன் யாவாரத்துக்குப் போட்டிருப்பானுங்" என்றார். கேனை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

மூடியைக் கழற்றினால் உள்ளே வரக்காப்பி. புது பிரேக் ஆயில் வெளிறிய மஞ்சளில் இருக்கும். காற்றிலிருக்கிற ஈரத்தை அது தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். கட்டுத்தறிப் பரணில் மாமா பத்திரமாக வைத்திருந்த பாதி டின்னை அதனால்தான் தொடவில்லை. காங்கேயம் போய் சீல் உடைக்காத டின் வாங்கி வந்தேன். அந்த டின்னை அம்மாயியின் பச்சை இரும்பு நாற்காலியில் யாரோ வைத்துவிட்டார்கள். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். டின்னின் அடிப்பாகம் வட்டமாக நாற்காலியில் பதிந்தது. யார் வைத்தது என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.

காற்றெடுக்க ட்யூப் வேண்டும். சொட்டுநீர்க் குழாய் கறுப்பு, உள்ளே குமிழ் வருவது தெரியாது. மாட்டுக்குக் குளுக்கோஸ் ஏற்றிய பழைய ட்யூப் கட்டுத்தறியில் தொங்கியது. அதன் முனையிலிருந்த ரப்பர் துண்டு, காற்றை வெளியே விடுகிற காலிப்பர் நிப்பிளில் கச்சிதமாக ஏறியது.

இனி ரெண்டு ஆள் வேலை. ஒருவர் லீவரை அமுக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் 8-ம் நம்பர் ஸ்பேனரால் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடின பிறகுதான் லீவரை விடலாம். முந்தி விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். லீவருக்கு மாமா. அவர் இன்னொரு கையில் போன், போனில் வெள்ளகோவில் கொப்பரை வியாபாரி.

"மாமா, புடிச்சுக்குங்க."

"புடிச்சிருக்கேன் மாப்ள... இல்லீங், உங்களைச் சொல்லுலீங்... அந்த வெலைக்கெல்லாம் ஆவாதுங், விட்டுருங்!"

வாய் விட்டுருங் என்றதும் கையும் விட்டது. ட்யூபில் இருந்த ஆயில் சர்ரென்று உள்ளே திரும்பிப் போனது. அன்றைக்குக் கொப்பரை விலை படியவே இல்லை, காற்றும் வெளியேறவில்லை. கடைசியில் போனை அம்மாயி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அதன்பின் ஒழுங்காக நடந்தது. கறுப்பு ஆயில் போய்ப் புது ஆயில் வந்தது, குமிழும் நின்றது. லீவர் மட்டும் அதே பஞ்சு.

ராத்திரி லீவரை ஹேண்டில் பாரோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தோம். மிச்சமிருக்கிற குமிழ் மெல்ல மேலேறி டப்பாவுக்கு வந்துவிடும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்கிற வழி. காலையில் அவிழ்த்தால் கொஞ்சம் தேவலை. ரெண்டு தரம் அமுக்கியதும் பழைய குருடி கதைதான்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். மாமா எதிரில் குத்தவைத்து, பல் விளக்கிக்கொண்டே சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ மாப்ள, கெணத்துலருந்து மேட்டுக்காட்டுக்குப் பைப் போட்டமே, ஏர் வால்வு எங்க வெச்சோம்?"

"மேட்டுல."

"இதுல எங்க வெச்சிருக்கறான் பாரு."

பார்த்தேன். நிப்பிள் காலிப்பரின் அடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த சக்கரத்திலும் அப்படியே. காற்று மேலே தங்கும். அடியில் திறந்தால் ஆயில்தான் வரும், காற்று இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். இதற்கு முன் யாரோ பேட் மாற்றும்போது இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். ரெண்டும் ஒரே சாயல், போல்ட்டும் பொருந்திவிடும். வண்டி ஒன்றும் புகார் சொல்லாது.

கழற்றிப் பக்கம் மாற்றி, ஹோஸ் ஜாயின்டுக்குப் புது செம்பு வாஷர் போட்டு, நிப்பிள் வானத்தைப் பார்க்க மாட்டியதும் முதல் திறப்பிலேயே குபுகுபுவென்று குமிழ். மாமாவின் கையில் போன் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது. லீவர் பாதியிலேயே கெட்டியாக நின்றது. ஓட்டிப் பார்க்கப் போனவர் இட்டேரியில் பிடித்த பிடியில் தோளிலிருந்த துண்டு முன்னால் போய் விழுந்தது.

இப்போது கல்யாண வீடுகளில் மாமா சொல்கிற கதையில் நான் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்த பையன். போன வாரம் அந்தப் பெரியவர் தன் பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார், காற்றெடுக்க. அதில் ஆயிலும் கிடையாது, நிப்பிளும் கிடையாது, வெறும் கேபிள் பிரேக். மாமா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "மொதல்ல மேடு எதுன்னு பாப்போமுங்" என்றாராம்.