அப்பத்தாவின் முழங்கால் பட்டை

உடம்புச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் வெளியே எத்தனை டிகிரி என்று கேளுங்கள். நான் கேட்காமல் இறங்கினேன். இறுதியாண்டு புராஜெக்ட்: பேட்டரி இல்லாமல் அப்பத்தாவின் நடையை எண்ணும் ஒரு துணிப் பட்டை. வெப்பமின் தகடு, தோலுக்கும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தில்தான் வேலை செய்யும். ஏசி போட்ட லேபில் சுமாராக வந்தது. மே மாதக் காரைக்குடியில், எங்கள் வீட்டு வளவில் 35 டிகிரி. தோலும் கிட்டத்தட்ட அதேதான். மீட்டர் அசையவில்லை.

அப்புறம் உராய்வு மின்சாரத்துக்கு மாறினேன். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சோங் லின் வாங் குழு 2012-ல் கொண்டுவந்த முறை. நைலான் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும், டெஃப்ளான் பிடித்துக்கொள்ளும்; இரண்டும் தொட்டுப் பிரியும்போதெல்லாம் ஒரு துடிப்பு. பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது பொரிகிறதே, அதே சங்கதி.

மின்சாரத்தை வெளியே கொண்டுவர வெள்ளி பூசிய நைலான் நூல் வேண்டும். கண்டாங்கி நெய்யும் ஓர் அக்காவிடம் கொண்டுபோனேன். "என்ன தம்பி இது, நூலா கம்பியா?" என்றார். ஊடையில், அதாவது குறுக்கு நூலாகக் கொடுத்தால், தறி நாடா ஓடும்போதெல்லாம் அறுந்தது. கடைசியில் அவரே அதைப் பருத்தி நூலோடு சேர்த்து முறுக்கி ஓட்டினார். என் வழிகாட்டிக்கும் தோன்றாத யோசனை.

பட்டை வந்தது, மல்டிமீட்டரில் ஒன்றுமே வரவில்லை. இரண்டு வாரம் நூல் அறுந்திருக்கிறது என்றே தேடினேன். குற்றம் மீட்டரிடம். இதில் வோல்ட் நிறைய வரும், மின்னோட்டமோ மைக்ரோ ஆம்பியர் கணக்கு. வருகிற கொஞ்சத்தையும் மீட்டரே குடித்துவிடுகிறது. நாலு டையோடு போட்டு எல்.இ.டி.களைத் தொடராகக் கோத்து, விளக்கை அணைத்துவிட்டு முழங்காலை மடக்கினேன். மினுக்கென்றது. அந்த ராத்திரி தூங்கவில்லை.

பிறகு வியர்வை. ஈரத்தில் மின்னூட்டம் கசிந்துவிடும், துடிப்பு கால் மணி நேரத்தில் சோர்ந்தது. மெல்லிய சிலிகான் உறைக்குள் அடைத்தேன். துடிப்பு நிலைத்தது, அப்பத்தாவின் பொறுமை நிலைக்கவில்லை. "அரிக்குதுப்பா" என்று அவிழ்த்துத் தூணோரம் போட்டுவிட்டார். உறையைப் புடவைக்கு மேலே கட்டிச் சமாளித்தோம்.

வைவாவில், "எண்ணிக்கை போனில் தெரியுமா?" என்றார்கள். துடிப்பே அளவீடு, அதற்குப் பேட்டரி வேண்டாம். ஆனால் புளூடூத் அனுப்ப மில்லிவாட் வேண்டும், பட்டை தருவது மைக்ரோவாட். பேட்டரி இல்லாத சென்சார், பேட்டரியோடு ஓர் அனுப்பி என்று ஒப்புக்கொண்டேன். சிரித்தார்கள், மதிப்பெண் போட்டார்கள்.

வியர்வையிலுள்ள லாக்டேட்டையே எரிபொருளாக்கும் நொதி மின்கலங்கள் இருக்கின்றன. எங்கள் ஊருக்கு அதுதான் தோது. மின்வேதியியலுக்கென்றே உள்ள மத்திய ஆய்வு நிறுவனம் சிக்ரி இங்கேதான் இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே போய்க் கேட்கப்போகிறேன். அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.