மூடிய புகாருக்கும் எண் உண்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்ப்பவனுக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை ஒரே வரிதான்: "தம்பி, சிஸ்டம் ஓடல." எது ஓடவில்லை, எதை அழுத்தினீர்கள், நேற்று ஓடியதா என்று கேட்டால் மறுமுனையில் கொஞ்சம் எரிச்சல் வரும். "நீங்க வந்து பாருங்களேன்" என்பார்கள். போய்ப் பார்த்தால் சில நேரம் பிரிண்டர் வயர் கழன்றிருக்கும். அது சுலபம். மென்பொருளிலேயே கோளாறு என்றால்தான் வேலை இழுக்கும்.

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கும் ஊர் இது. சுற்றி நின்ற ரப்பர் மரங்கள் போய்ப் பல இடங்களில் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் தாமான் என்னும் குடியிருப்புகளில் வசிக்கின்றன. கோயில், டியூஷன் சென்டர், படிப்பகம் என்று சின்னச் சின்ன இடங்கள்தான் என் வாடிக்கையாளர்கள். ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட அவர்களிடம் காசு கிடையாது. அதனால் நான் போட்டுக் கொடுப்பது அநேகமாகத் திறமூல மென்பொருள், அதாவது மூல நிரலை எல்லாரும் பார்க்கவும் மாற்றவும் விட்டிருக்கும் மென்பொருள். அதில் காசு மிச்சம். ஆனால் கோளாறு வந்தால் சத்தம் போடுவதற்கு ஒரு விற்பனையாளர் இருக்கமாட்டார். இருப்பது வழுக்களை, அதாவது மென்பொருள் கோளாறுகளை, பதிந்து வைக்கும் ஒரு பொதுப் பட்டியல். அதில் ஒழுங்காக எழுதத் தெரிந்தால் வேலை நடக்கும்.

இதை எனக்கு நன்றாகக் காட்டியவர் ஒரு படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐயா. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு எழுதிய கை அவருக்கு. கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் தேதி, நேரம், என்ன அழுத்தினார், திரையில் என்ன வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிடுவார். காரணம் என்னவாக இருக்கும் என்று ஊகித்து எழுதமாட்டார். வந்ததை மட்டும் எழுதுவார்.

ஒருமுறை அவர் எழுதி வைத்திருந்தது இது. உறுப்பினர் பட்டியலில் கோவிந்தம்மா இரண்டு பேர். பெயரைத் தட்டித் தேடினால் ஒருவர்தான் வருகிறார். மற்றவரை ஐசி (அடையாள அட்டை) நம்பர் போட்டால்தான் பிடிக்க முடிகிறது. அதேபோல் ஒரு கௌரியும் காணாமல் போகிறார். திரையில் பார்த்தால் எழுத்தில் எந்த வித்தியாசமும் இல்லை.

உள்ளே பார்த்தால் வித்தியாசம் இருந்தது. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் 'கோ' என்பதை 'க'வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது மென்பொருளின் பொறுப்பு. கௌரி விஷயம் வேறு. ஔகாரக் குறிக்குப் பதிலாக யாரோ கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' தட்டியிருந்தார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் அது வேறு எழுத்து.

ஒரு புகாரில் ஒரு பிரச்சினைதான் இருக்க வேண்டும் என்பது எந்தத் திறமூல மென்பொருள் திட்டத்திலும் சொல்லும் முதல் விதி. அதனால் இரண்டாகப் பிரித்து எழுதினேன். ஐயாவின் குறிப்பை ஆங்கிலத்தில் மாற்றி, மென்பொருளின் பதிப்பு எண், திரும்பச் செய்து பார்க்கும் படிகள், எது வர வேண்டும், எது வந்தது, எல்லாம் சேர்த்து.

மென்பொருளைப் பராமரிப்பவர்கள் முதல் புகாரை 'ஏற்கெனவே உள்ளது' என்று முத்திரை குத்தி வேறொரு பழைய எண்ணோடு இணைத்துவிட்டார்கள். புதிதாக எழுதுகிறவர்கள் இதைப் பார்த்தால் அவமானமாக நினைப்பார்கள். தேவையில்லை. போய்ப் பார்த்தேன். பிரெஞ்சு எழுதுகிற ஒருவர், 'e' எழுத்தின் மேல் கோடு போட்டதை (é) ஒரே குறியாக எழுதினால் ஒரு முடிவு, எழுத்தையும் கோட்டையும் பிரித்து எழுதினால் வேறு முடிவு வருகிறது என்று முன்பே முறையிட்டிருந்தார். எங்கள் கோவிந்தம்மாவுக்கும் அந்தப் பிரெஞ்சு எழுத்துக்கும் ஒரே நோய். தமிழ் உதாரணமும் சேர்ந்ததும் இது ஒரு மொழிக்காரரின் தொல்லை மட்டும் இல்லை என்று தெரிந்தது. அப்புறம் அது சரிசெய்யப்பட்டது.

இரண்டாவது புகாரை 'செய்யப்போவதில்லை' என்று மூடிவிட்டார்கள். காரணமும் எழுதியிருந்தார்கள்: எழுத்துப்பிழையை மென்பொருள் ஊகித்துத் திருத்தினால் சரியாக எழுதியதும் கெடும். ஐயாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிதானே தம்பி, அப்புறம் கெளுத்தி மீன எப்படி எழுதுறது?" என்றார். தமிழே தெரியாத ஒருவர் சொன்ன மறுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் அவருக்கே கிடைத்திருக்காது. அதையும் அந்த எண்ணின் கீழ் சேர்த்துவிட்டேன்.

எனக்குப் பிடித்தது இந்த மறுப்புதான். நம் ஊரில் சங்கமோ அலுவலகமோ, புகார் சொன்னால் முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். தலையாட்டுவார்கள். பிறகு அந்தப் பேச்சு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இங்கே மறுப்புக்கும் ஓர் எண், ஒரு தேதி, ஒரு காரணம் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர் அதன் கீழேயே வாதாடலாம்.

இந்த ஏற்பாடு சும்மா வந்ததில்லை. பயர்பாக்ஸ் உலாவிக்காரர்களான மொசில்லா 1998இல் உருவாக்கிய பக்சில்லா என்ற வழுப் பட்டியல் மென்பொருளில்தான் இந்த முத்திரைகள் பலருக்கும் பழக்கமாயின: சரிசெய்யப்பட்டது, செல்லாது, ஏற்கெனவே உள்ளது, செய்யப்போவதில்லை, 'எனக்கு வேலை செய்கிறது'. கடைசியில் சொன்னதுதான் ஆளைக் கடுப்பேற்றும். ஆனால் அதற்கும் பெரும்பாலும் படிகள் போதவில்லை என்றுதான் அர்த்தம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் எல்லாம் மின்னஞ்சலில் நடக்கும். புகார் அனுப்புவதும் மின்னஞ்சல், மூடுவதும் அந்த எண்ணுக்கு ஒரு மின்னஞ்சல். கடுமையை ஏழு படியாகப் பிரித்திருக்கிறார்கள். மேல் மூன்று படியில் இருக்கும் கோளாறு புதுப் பதிப்பு வெளிவருவதையே தடுக்கும். கடைசிப் படி வெறும் ஆசைப்பட்டியல். எவ்வளவு கோபமாக எழுதினாலும் படி ஏறாது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தில் 2004இல் பதிந்த முதல் வழு, சந்தையில் மைக்ரோசாஃப்டுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பது. விளையாட்டோ கொள்கையோ, அதையும் முறைப்படி 2013இல்தான் மூடினார்கள்.

நிரல் எழுதத் தெரியாதவருக்கும் இதில் வேலை உண்டு. லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் பழைய பதிப்புகளை வரிசையாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒன்றைத் திறந்து பார், கோளாறு இருந்தால் பழைய பக்கம் போ, இல்லாவிட்டால் புதிய பக்கம் போ. இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் ஆயிரம் மாற்றங்களில் எது கெடுத்தது என்பதைப் பத்துச் சோதனையில் பிடித்துவிடலாம். கோஹா என்ற நூலக மென்பொருளில் (எங்கள் படிப்பகத்தில் இருப்பது அது அல்ல) ஒருவர் திருத்தம் எழுதினால் இன்னொருவர் சோதித்துக் கையொப்பமிட வேண்டும், பிறகு தரச் சோதனைக் குழு பார்க்க வேண்டும். நூலகரே கையொப்பமிடலாம். இந்த விதியை நான் ரொம்ப மதிக்கிறேன்.

எல்லாவற்றையும் பொதுவில் எழுதக்கூடாது என்பதும் உண்டு. பாதுகாப்பு ஓட்டை என்றால் முதலில் தனியாகச் சொல்ல வேண்டும், திருத்தம் தயாரான பிறகுதான் வெளியில். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் யாரோ திட்டமிட்டு வைத்த கள்ளக்கதவு வெளிப்பட்டது. கண்டுபிடித்தவரின் கண்ணில் பட்ட அறிகுறிகளில் ஒன்று, சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறது என்பது. அரை விநாடியை என் வாடிக்கையாளர்கள் யாரும் குறித்திருக்கமாட்டார்கள். ஐயாவை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. சில திட்டங்களில் கொஞ்ச காலம் யாரும் பேசாத புகாரை ஒரு பாட் (தானியங்கி நிரல்) தானாக மூடிவிடும். பராமரிப்பவர்களில் பலர் சம்பளமில்லாமல் ராத்திரியில் உட்காருகிறவர்கள், பட்டியல் நீண்டால் மூச்சுமுட்டும், புரிகிறது. ஆனால் யாரும் பேசவில்லை என்பது ஒரு காரணமே இல்லை. இயந்திரம் மூடுவதற்குப் பதிலாக ஒரு மனிதர் 'முடியாது' என்று மூடட்டும்.

படிப்பகத்தில் இப்போது புது விண்ணப்பம் தட்டும்போது ஔகாரம் எந்த விசை என்று கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். பழைய கௌரிகளை ஐயா ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். உறுப்பினர் அட்டை பிரிண்ட் எடுத்தால் நீளமான பெயர் அடுத்த வரிக்குப் போகாமல் வெட்டுப்படுகிறது என்று போன வாரம் ஒன்று சொன்னார். எந்தப் பதிப்பு என்பது நோட்டில் விட்டுப்போயிருக்கிறது. அது வந்ததும் எழுதி அனுப்ப வேண்டும்.