கம்பம்மெட்டு இறக்கத்தில் ரீஜென் இல்லாத காலை

கம்பம்மெட்டுச் செக்போஸ்ட்டிலிருந்து கேரளப் பக்கமாக இரண்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் வீடு. கூடவே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் இடுக்கி மாவட்டத்தில். சந்தை, ஆஸ்பத்திரி, சொந்தபந்தம் எல்லாம் கீழே கம்பத்திலும் தேனியிலும். வாரத்துக்கு நான்கு தடவையாவது மலை இறங்கி ஏற வேண்டியிருக்கும். டீசல் செலவு தாங்காமல்தான் எலக்ட்ரிக் கார் வாங்கினேன். 30 யூனிட் பேட்டரி. கம்பத்திலிருந்து மெட்டுக்கு ஏறக்குறைய 600 மீட்டர் உயரம். ஏறும்போது நான்கு யூனிட் போகும். இறங்கும்போது ஒரு யூனிட்டுக்கு மேல் திரும்ப வரும். முதல் ஒன்றரை வருஷம் எந்தக் குறையும் இல்லை. பிரேக் பேடு தேயவே இல்லை என்று சர்வீஸில் ஆச்சரியப்பட்டார்கள்.

மலை மேல் வீடு இருப்பவர்கள் பேட்டரியை நிரப்பி வைக்கக் கூடாது. இது வாங்கிய முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டது. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, உண்டாகும் மின்சாரத்தைப் பேட்டரிக்குள் தள்ளுகிறது. அந்த இழுவைதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை. நிறைந்த லித்தியம் செல்லுக்குள் மேலும் திணித்தால் செல் கெட்டுவிடும் என்பதால் பேட்டரியைக் கவனிக்கும் அமைப்பு அதை உள்ளே விடாது. பிறகு வண்டியைப் பிடிக்க பிரேக் மட்டும்தான். டீசல் வண்டி மாதிரி இரண்டாவது கியருக்குப் போகவும் வழியில்லை. அதனால் 80 சதவீதத்தில் சார்ஜ் நின்றுவிடும்படி செட்டிங்கில் வைத்திருந்தேன். ராத்திரி 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்கிவிடுவேன். காலையில் 80-ல் நிற்கும்.

போன ஜூன் மாதம் ஒரு ராத்திரி திரையில் சாஃப்ட்வேர் அப்டேட் தயார் என்று வந்தது. என்ன மாற்றம் என்று பார்த்தால் ஒரே வரி: பிழை திருத்தங்கள், செயல்திறன் மேம்பாடு. சரி என்று அழுத்தினேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. சார்ஜில் மாட்டிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை அம்மாவைத் தேனிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஏழு மணிக்கு டோக்கன் போட வேண்டும் என்ற அவசரம், வெளியே மழைத் தூறல். திரையில் 100 என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. செக்போஸ்ட் தாண்டி முதல் வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி வேகம் குறையவில்லை, தாராளமாக உருண்டது. இரண்டாவது வளைவிலும் அப்படியே. மீட்டருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ரீஜென் கிடைக்காது என்று ஆங்கிலத்தில் காட்டியது. பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். ஐந்தாறு வளைவு இறங்குவதற்குள் பின்னாலிருந்து அம்மா கேட்டார்: "என்னப்பா, ஏதோ கருகுற வாசம் வருது?"

பிரேக் வாசனைதான். வளைவில் கொஞ்சம் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்தினேன். கை நடுங்கியது. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

ஏசியைப் போட்டுக் கொஞ்சம் சார்ஜைக் குறைக்கலாமா என்று பார்த்தேன். இருபது நிமிடம் ஓடியும் ஒரு சதவீதம்தான் இறங்கியது. ஆனால் அதற்குள் பிரேக் ஆறிவிட்டது. அப்புறம்தான் யோசனை வந்தது. வண்டியைத் திருப்பி மறுபடி மேலே மூன்று கிலோமீட்டர் ஏறினேன். ஏற்றத்தில் சார்ஜ் வேகமாகப் போகும். 95-க்கு வந்ததும் திரும்பி இறங்கினேன். ரீஜென் முழுதாக இல்லை என்றாலும் பாதி வந்தது. பழைய வேகத்தில் பாதிக்கும் குறைவாக ஓட்டிக் கம்பம் வந்து சேர்ந்தோம். இதே நிலையில் மாட்டிக்கொள்பவர்களுக்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்: பேட்டரி நிறைந்திருந்தால் இறங்காதீர்கள். மேலேயே பத்து பதினைந்து கிலோமீட்டர் சுற்றிவிட்டு இறங்குங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து செட்டிங்கைத் திறந்தேன். 80 என்று வைத்திருந்தது 100 ஆகியிருந்தது. ஸ்டியரிங் கனம், ரீஜென் அளவு எல்லாமே கம்பெனியிலிருந்து வந்த முதல் நாள் நிலைக்குப் போயிருந்தன. அப்டேட் அவற்றை அழித்துவிட்டு, அழித்ததைச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு புகார் கொடுக்கும் படலம் 52 நாள் நடந்தது. வண்டி வாங்கியது கேரளத்தில், நான்கு மணி நேரப் பயணத்தில் உள்ள ஊரில். பக்கத்து சர்வீஸ் சென்டர் தமிழ்நாட்டில். அவர்கள் வாங்கிய இடத்தில் கேளுங்கள் என்றார்கள். வாங்கிய இடத்தில் பக்கத்து சர்வீஸில் காட்டுங்கள் என்றார்கள். வாரண்டி கொடுத்தது கம்பெனி, டீலர் இல்லை என்று சொல்லித்தான் தமிழ்நாட்டுப் பக்கம் ஜாப் கார்டு போட வைத்தேன்.

அங்கே நான் செய்த தவறு, ரீஜென் வேலை செய்யவில்லை என்று புகார் எழுதியது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு சர்வீஸ் அட்வைசர் சொன்னார்: "சார், பேட்டரி ஃபுல்லா இருந்தா ரீஜென் வராது. அது அப்படித்தான் இருக்கணும். வண்டியில ஒண்ணும் இல்ல." அவர் சொன்னதில் பொய் இல்லை. பிழை எதுவும் இல்லை என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். கோபத்தோடு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்த பிறகுதான் புரிந்தது. என் குறை ரீஜென் நின்றது அல்ல. நான் வைத்த சார்ஜ் வரம்பு என்னைக் கேட்காமல் மாறியது. அவர் ஒன்றுக்குப் பதில் சொன்னார், நான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குமுளியில் தேக்கடிக்கு வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் டாக்சி டிரைவர் தம்பி ஒருவர் இதே மாடல் வைத்திருக்கிறார். "அண்ணே, எனக்கும் மாறிடுச்சு. நான் லோவர் கேம்ப் இறக்கத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன்" என்றார். கம்பத்தில் இன்னொரு குடும்பத்துக்கும் மாறியிருந்தது. ஆனால் அவர்கள் வீடு சமவெளியில், அதனால் கவனிக்கவே இல்லை. மூன்று வண்டியின் சாஃப்ட்வேர் வெர்ஷன் எண்ணும் ஒன்றே. காரின் மொபைல் ஆப்பில் முந்தைய வாரம் 80-ல் சார்ஜ் நின்ற பதிவும், அப்டேட் ஆன ராத்திரி 100 வரை போன பதிவும் இருந்தன. இரண்டையும் படம் எடுத்தேன். புதிய புகாரில் இரண்டே வரி: அப்டேட்டுக்கு முன் வரம்பு 80, பின் 100; இந்த வெர்ஷனில் மூன்று வண்டிகளில் ஒரே மாதிரி. அதே அட்வைசர் படங்களைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி, தொழில்நுட்பக் குழுவுக்கு அங்கேயே அனுப்பினார்.

இரண்டு வாரம் பதில் இல்லை. மெயிலில் நினைவூட்டினேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வண்டியை எங்கே வாங்கினேன் என்பது தடையில்லை என்று குறிப்பிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசத் தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் பொறியாளர் ஒருவர் கூப்பிட்டு, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆகஸ்டில் வந்த அடுத்த அப்டேட்டில் சார்ஜ் வரம்பு அழியவில்லை.

ஆனால் அந்த ஆகஸ்ட் அப்டேட் இன்னொன்றைக் கொண்டுவந்தது. மூன்று நாள் விடாத மழை, வண்டியை எடுக்கவில்லை. நான்காம் நாள் சாவியை அழுத்தினால் கதவே திறக்கவில்லை. சாவிக்குள் மறைந்திருக்கும் இரும்புச் சாவியால் திறந்தேன். திரை கறுப்பு. பெரிய பேட்டரியில் 78 சதவீதம் இருக்கிறது என்று ஆப்பில் கடைசிப் பதிவு. ஆனாலும் எலக்ட்ரிக் காரில் முன்பக்கம் ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சே வேலை செய்யாது; ஓட்டவும் முடியாது, சார்ஜ் போடவும் முடியாது. 2024-ல் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயானிக் 5 கார்களைத் திரும்ப அழைத்ததும் இந்தச் சின்னப் பேட்டரி இறங்கிவிடும் சிக்கலுக்காகத்தான்.

ஊரில் எங்களுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீசியன் அண்ணன் வந்தார். மீட்டரில் 9.4 வோல்ட். நல்ல பேட்டரி என்றால் ஓய்வில் 12.6 இருக்க வேண்டும். தனிச் சார்ஜரில் போட்டு உயிர் கொடுத்தோம். சர்வீஸ் சென்டரில் புது பேட்டரியே மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அதுவும் இறங்கியது.

அண்ணன் விடவில்லை. வயரில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு, வண்டியைப் பூட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்தார். தூங்க வேண்டிய வண்டி 0.7 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி அந்தக் கணக்கில் மூன்று நாள் தாங்காது. "தம்பி, இதுக்குள்ள ஏதோ ஒண்ணு தூங்காம முழிச்சிருக்கு" என்றார். எங்கள் வீடு பள்ளத்தில். செல்போன் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். காருக்குள்ளும் ஒரு சிம் உண்டு. சந்தேகப்பட்டு வண்டியை செக்போஸ்ட் அருகே சிக்னல் நன்றாக வரும் இடத்தில் நிறுத்தி அளந்தோம். பத்து நிமிடத்தில் இழுப்பு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடி 0.7. டவர் தேடித் தேடியே அது தூங்காமல் இருந்திருக்கிறது. பட்டணத்து சர்வீஸ் சென்டரில் சிக்னல் முழுதாக இருப்பதால் அங்கே இந்த நோய் வரவே வராது.

இரண்டு இடத்திலும் எடுத்த மீட்டர் வீடியோவை அனுப்பினேன். இந்தத் தடவை வாதாட வேண்டியிருக்கவில்லை. மூன்று வாரத்தில் திருத்தம் வந்தது. அதுவரை ராத்திரி வண்டியை மேட்டில் பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டேன்; அந்த அக்கா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018-ல் டெஸ்லா மாடல் 3 காரை நுகர்வோருக்காகப் பொருட்களைச் சோதிக்கும் அமெரிக்க அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்தபோது 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி ஆனது. ஒரு அப்டேட் அனுப்பிய பிறகு 133 அடியில் நின்றது. நட்டு போல்ட்டைத் தொடாமல் பிரேக்கையே திருத்த முடிகிறது என்றால் அது பெரிய வசதி. அதே கையால் என் இறக்கத்தையும் மாற்ற முடிகிறது. ஆகவே எதை மாற்றினோம், எந்த செட்டிங் அழியும் என்று அழுத்துவதற்கு முன்பே, எனக்குப் புரியும் மொழியில் எழுதிக் காட்ட வேண்டும். அந்தப் பொறியாளரிடமும் இதைத்தான் கேட்டேன். குறித்துக்கொள்கிறேன் என்றார். கடைசியாக வந்த அப்டேட்டில் ஆங்கிலத்தில்தான் என்றாலும் ஏழு வரி இருந்தது.

இப்போது டேஷ்போர்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தேதி, வெர்ஷன் எண், சார்ஜ் வரம்பு, ரீஜென் அளவு. அப்டேட்டுக்கு முன் ஒரு வரி, பின் ஒரு வரி.

நேற்று ராத்திரி புதிதாக ஒன்று வந்து காத்திருக்கிறது. புதன்கிழமை அம்மாவுக்கு மறுபடி தேனியில் கண் பரிசோதனை. போய்விட்டு வந்த பிறகுதான் அழுத்துவேன்.