மாசி வீதி நீல அச்சு: இரண்டாவது அடுக்கு ஒருவழியாக உட்கார்ந்தது

இந்த முறை அடுக்கு நகரவில்லை! மதுரை மீனாட்சி கோயிலைச் சுற்றி ஓடும் நான்கு மாசி வீதிகளும் கோட்டு வரைபடமாக முதல் அடுக்கு, நடந்தபடி எடுத்த கட்டட முகப்புகள் பட்டை பட்டையாக இரண்டாவது அடுக்கு, ரெண்டும் ஒரே தாளில் சயனோடைப், அதாவது ரசாயனம் தடவிய தாளை வெயிலில் காட்டி நீரில் கழுவி எடுக்கும் நீல அச்சு. 1966-இல் அமெரிக்க ஓவியர் எட் ருஷே வண்டியில் கேமராவைப் பொருத்தி லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்டிரிப் சாலையின் இரு பக்கத்தையும் எடுத்தாரே, வழி அதுதான். அவருக்கு ஒரே சாலை, எனக்குச் சுற்றி வந்து சேர வேண்டிய நான்கு வீதிகள்.

படுத்தியது தாள்தான். முதல் அடுக்கைக் கழுவிக் காயவைத்தால் சுருங்குகிறது, அதுவும் நீளவாக்கில் ஒரு மாதிரி, அகலவாக்கில் வேறு மாதிரி. வடக்கு மாசி வீதியைப் பொருத்தினால் தெற்கு மாசி வீதி விலகி நிற்கும். காசைக் கொட்டி வாங்கிய தடித்த 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளும் இதே லட்சணம்தான். கடைசியில் கைகொடுத்தது, தைக்கக் கொடுக்குமுன் துணியை நனைத்துப் போடுகிற அதே வேலை: ரசாயனம் தடவுவதற்கு முன்பே தாளைச் சுடுநீரில் ஊறவைத்து, கொடியில் போட்டு, சுருங்குவதையெல்லாம் சுருங்கவிட்டுவிடுவது. தாளில் இருக்கும் பசை கொஞ்சம் கரைவதால் நீலம் அங்கங்கே திட்டாகிறது, பரவாயில்லை. போர் தண்ணீரில் கழுவுபவர்கள் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போடுங்கள், காரத்தன்மை நீலத்தைத் தின்றுவிடும்.

அடுக்கு சரியானதும் அடுத்த வேடிக்கை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரத்துக்குள் சதுரமாகப் படம் போட்டுக் காட்டுகிறார்கள், ஆனால் மாசி வீதிகள் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள் இல்லை. என் பட்டைகளோ நேர்க்கோடு. அதனால் விளக்குத்தூண் மூலையில் கீழமாசியும் தெற்குமாசியும் முட்டவில்லை, நடுவில் விரலகலத்துக்கு வெள்ளைத் தாள். கணினியில் இழுத்து ஒட்டிவிடலாம், மாட்டேன். அந்த வெள்ளையில் தூணை மட்டும் தனியாக அச்சிடப் போகிறேன். பழைய கோட்டையை இடிக்கவைத்த கலெக்டர் பிளாக்பர்ன் பெயரில் நிற்கிற தூண் அது, கோடுகள் அறுந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமாக வேறெதை வைப்பது?

கோட்டை என்றதும் ஆசை அடுத்து வெளிவீதிகளுக்குத் தாவிவிட்டது. கோட்டைச் சுவரும் அகழியும் போன தடத்தில் ஓடுகிற வீதிகள், பட்டை இன்னும் நீளம், தாள் இரண்டை ஒட்டியாக வேண்டும். அப்புறம் ஸ்ரீரங்கத்தின் ஏழு சுற்றும் இருக்கிறது.

இவ்வளவும் சோதனைத் தாளில்தான், பெரிய தாளை இன்னும் தொடவில்லை. தாளில் தடவும் ரசாயனங்களில் ஒன்றான ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் கட்டிகட்டியாக வந்திருக்கிறது, சயனோடைப்புக்கு வழக்கமாக எடுக்கும் பச்சை வகைதானா என்றே சந்தேகம். நம்பகமாக விற்பவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.